டாக்காவில் கத்திரிப் பிடி

நெரிபடுகிறவர் கையாலோ காலாலோ இரண்டு முறைக்குக் குறையாமல் தட்டினால், அல்லது தோற்றேன் என்று வாயால் சொன்னால், நெரிப்பவருக்கு முழுப்புள்ளி. ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஜூடோவின் சர்வதேச விதி இப்படித்தான் சொல்கிறது. முப்பத்து நான்கு வருடம் நீதிமன்றத்தில் வேலை பார்த்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். இரண்டு அர்த்தத்துக்கு இடம் தராத விதி வாசகம் எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். இது அப்படி ஒன்று. டாக்காவில் அது அமலாகவில்லை.

நான் ஜூடோ ஆடியவன் அல்ல. என் கழுத்தை யாரும் நெரித்ததில்லை. நெரிக்க ஆசைப்பட்ட வக்கீல்கள் உண்டு. இரும்புலியூரில் எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் சாப்பாட்டுக் கூடத்தில் மெத்தை விரித்து ஒரு ஜூடோ கிளப் நடக்கிறது. சங்கமாகப் பதிவு செய்ய விதிமுறை எழுதித் தரும்படி கேட்டு வந்தார்கள். எழுதினேன். எழுதியவனையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். டாக்காப் போட்டிக்குப் போகவேண்டிய பயிற்சியாளர் ஜெயராஜின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் தப்பாக அச்சாகி, திருத்தத்துக்குப் போயிருந்தது. கையில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே நிர்வாகி நான்.

எங்கள் வீராங்கனை மும்தாஜ். வயது இருபத்து நான்கு, எடை ஐம்பத்திரண்டு கிலோ. ஜி.எஸ்.டி. ரோட்டில் அவள் அப்பாவுக்குக் கார் சீட் கவர் தைக்கும் கடை. பகலில் அங்கே ரெக்ஸின் தைப்பாள். தடித்த ஊசியோடு மல்லுக்கு நின்றே அவளுடைய முன்கை அப்படி ஆகியிருக்கவேண்டும். ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிளார்க் வேலைக்கு விளம்பரம் வந்திருந்தது. சர்வதேசப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்திருக்கவேண்டும். வயது இருபத்தைந்தைத் தாண்டக்கூடாது. அடுத்த விளம்பரம் வருவதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். ஆகவே டாக்காதான் முதல் வாய்ப்பும் கடைசி வாய்ப்பும்.

டாக்கா விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி அவள் பெயரைப் பார்த்துவிட்டு வங்காளத்தில் ஆரம்பித்தார். அவள் விழித்தாள். உருதுவுக்கு மாறினார். அதற்கும் விழித்தாள். அந்தக் காலத்தில் மாலை வகுப்புக்குப் போய் ஹிந்திப் பரீட்சைகள் எழுதிய நான் இடையில் புகுந்து பதில் சொன்னேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “மும்தாஜுக்கு உருது தெரியாது, உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“எங்க ஊட்ல மூணு தலமுறையா தமிழ்தான்னு சொல்லுங்க சார்” என்றாள் அவள். சொன்னேன். முத்திரை விழுந்தது.

வெளியே பச்சை நிற ஆட்டோக்கள். அதை அங்கே ஆட்டோ என்று யாரும் சொல்வதில்லை. எரிவாயுவின் பெயரால் சி.என்.ஜி. என்கிறார்கள். பயணிக்கு இருபுறமும் இரும்புக் கம்பிக் கதவு. சிக்னலில் பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்களாம். “கோழிக் கூண்டு மாதிரி கீது” என்று உள்ளே உட்கார்ந்தவள், கைக்குப் பழக்கமான வேலையாக இருக்கையைத் தடவிப் பார்த்தாள். “தையல் மட்டம் சார். நம்ம கடைல இப்டி குடுத்தா வண்டிய திருப்பிக்கினு வந்துடுவான்.” தாம்பரத்து ஷேர் ஆட்டோவில் பத்துப் பேரோடு போய்ப் பழகிய எனக்கு, இரண்டே பேருக்கு ஒரு முழு கூண்டு ஆடம்பரமாக இருந்தது.

தங்கிய விடுதியில் ராத்திரிச் சாப்பாடு பிரமாதம். சோறு, தண்ணீரான பருப்பு, பச்சைக் கடுகெண்ணெய் ஊற்றிப் பிசைந்த உருளைக்கிழங்கு, பொரித்த இலிஷ் மீன். அந்த மீனில் சதையைவிட முள் அதிகம். எதிர்த்தரப்பு மனுவைப் படிப்பதுபோல் நிதானமாகப் பிரிக்கவேண்டும். மும்தாஜ் என் எதிரில் ஒரு பிடி பொரியோடு உட்கார்ந்திருந்தாள். நானூறு கிராம் கூடுதலாக இருந்தாள். காலையில் எடை பார்ப்பார்கள்.

“நீங்க சாப்டுங்க சார். நான் வாசனைல இருந்துக்கறேன்.”

நான் இரண்டாம் முறை மீன் வாங்கவில்லை. அதை ஒரு தியாகமாக இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாள் டாக்காவில் ஹர்த்தால். கடைகள் இல்லை, கார் இல்லை, போட்டி அமைப்பாளர்கள் அனுப்புவதாகச் சொன்ன பஸ்ஸும் இல்லை. நம் ஊரில் பந்த் என்றால் தேநீர்க்கடை பாதி ஷட்டரோடு நடக்கும். அங்கே ஷட்டர் முழுதாக இறங்கியிருந்தது. ஆனால் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு ஹர்த்தால் கிடையாது. எடை பார்க்கும் நேரம் எட்டு மணிக்கு முடியும். ஆறே முக்காலுக்கு ஒரு ரிக்‌ஷாவில் ஏறினோம். முதுகுப் பக்கம் மயிலும் சினிமா நடிகையும் வரைந்திருந்த அந்த இருக்கை, ஒன்றரைப் பேருக்கானது.

பாதி வழியில் சங்கிலி கழன்றது. ஓட்டுகிறவர் இறங்குவதற்குள் மும்தாஜ் இறங்கிவிட்டாள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி சைகை காட்டினாள். நான்கு நொடியில் மாட்டிவிட்டுக் கையை என் செய்தித்தாளில் துடைத்துக்கொண்டாள். அவர் சொன்னதில் எனக்குப் பாதி புரிந்தது: “இந்தத் தங்கச்சி தினமும் வந்தால் நான் மெக்கானிக்கைப் பார்க்கவே வேண்டாம்.” ஏழு ஐம்பத்திரண்டுக்கு அரங்கத்தில் இருந்தோம். மிச்சம் எட்டு நிமிடம். கெடு முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது மனு போட்டு ஜெயித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடை சரியாக ஐம்பத்திரண்டு.

இப்போது அந்தப் பிடியைப் பற்றிச் சொல்லவேண்டும். எதிராளி போட்டிருக்கும் கனத்த சட்டையின் கழுத்துப்பட்டிதான் ஆயுதம். இரண்டு கைகளையும் குறுக்காகப் போட்டு, இடது கையால் ஒரு பட்டியையும் வலது கையால் மறு பட்டியையும் காதுக்குக் கீழே ஆழமாகப் பிடிக்கவேண்டும். இரண்டு உள்ளங்கையும் தன்னைப் பார்த்திருக்கலாம், இரண்டும் எதிராளியைப் பார்த்திருக்கலாம், ஆளுக்கொன்றாகவும் இருக்கலாம். ஜப்பானிய மொழியில் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. எங்கள் கிளப்பில் மூன்றும் கத்திரிதான். முழங்கையை விரித்து மார்பைத் தாழ்த்தினால் கழுத்தின் இரு பக்கமும் ரத்த ஓட்டம் தடைபடும். மூச்சு அல்ல, ரத்தம். அதனால் இருமலும் இல்லை, திணறலும் இல்லை. சில நொடியில் விளக்கை அணைத்ததுபோல் ஆள் மயங்கிவிடுவார். அதற்கு முன்பு தட்டிவிடவேண்டும். தட்டியதும் விட்டுவிடவேண்டும்.

ஆறு பேர் இருந்த அவள் எடைப் பிரிவில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் மதியம் வந்தது. எதிரே நேபாளத்துக் காவல்துறைக் கான்ஸ்டபிள் கமலா. பயிற்சியாளர் நாற்காலியில் நான். இரண்டாவது நிமிடத்தில் கமலா சறுக்கி மல்லாந்து விழ, மும்தாஜ் மேலே ஏறிக் கத்திரி போட்டுவிட்டாள். போட்டால் அவ்வளவுதான் என்று எங்களுக்குத் தெரியும். நடுவர் தலைமாட்டில் குனிந்து நின்றார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த துணை நடுவர்கள் இருவருக்கும் மும்தாஜின் முதுகுதான் தெரிந்திருக்கும். நான் இருந்த இடத்திலிருந்து மட்டும், மும்தாஜின் அக்குளுக்குக் கீழே, கமலாவின் கை தெரிந்தது. அது மும்தாஜின் விலாவில் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று.

மும்தாஜ் விட்டுவிட்டாள்.

விட்டதோடு இல்லை, எழுந்திருக்கவும் ஆரம்பித்தாள். நடுவர் எதுவும் சொல்லவில்லை. அவர் பார்க்கவில்லை. ஒரு விநாடி கமலாவும் அப்படியே கிடந்தாள். பிறகு பயிற்சியில் ஊறிய உடம்பு தானாக வேலை செய்தது. புரண்டு மும்தாஜைக் கீழே தள்ளி, கழுத்தோடு கையையும் சேர்த்து அமுக்கிப் படுத்தது. அமுக்குப் பிடி இருபத்தைந்து விநாடி நின்றால் அதுவும் முழுப்புள்ளி. நான் எழுந்து நின்று தமிழில் கத்தினேன். இருபத்தைந்து விநாடி எவ்வளவு நீளம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆட்சேபம் எழுப்ப முடியாதா என்று கேட்பீர்கள். நடுவர்கள் களத்தைவிட்டு இறங்கியபின் முடிவை மாற்ற முடியாது. நான் விதிப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுப்பதற்குள் இறங்கிவிட்டார்கள். ஜூடோவில் மூன்றாம் இடம் இரண்டு பேருக்கு; அதில் தோற்றால் ஐந்தாம் இடம். மும்தாஜுக்கு அதற்கான பங்கேற்புச் சான்றிதழை உடனே கொடுத்துவிட்டார்கள். அந்த ஊரில் நான் பார்த்த ஒரே வேகமான காரியம்.

என்னை உறுத்தியது வேறு. எங்கள் மண்டபத்துக்கு ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகள், மறுபக்கம் மின்சார ரயில், தலைக்கு மேலே பயிற்சி விமானங்கள். யார் குரலும் யாருக்கும் கேட்காது. ஒரு தடவை ‘விடு’ என்று பயிற்சியாளர் கத்தியது கேட்காமல் ஒரு பெண் மயங்கிவிட்டாள். அதன்பிறகு நான்தான் விதிமுறையில் முதல் விதியாக எழுதிச் சுவரில் ஒட்டினேன்: தட்டினால் உடனே விடு, குரலுக்குக் காத்திருக்காதே. ஆறு வருடமாக மும்தாஜ் அந்தச் சுவருக்கு எதிரில் பயிற்சி எடுத்தவள். போட்டியில் நடுவர் குரல் வரும்வரை விடக்கூடாது என்று ஒரு உபவிதி சேர்த்திருக்கவேண்டும். சேர்க்கவில்லை. அடுத்தவன் வரைவில் இந்த மாதிரி ஓட்டையைக் கண்டுபிடித்தே பதவி உயர்வு வாங்கியவன் நான்.

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் கமலா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தாள். ஹிந்தியில் என்னிடம் கேட்டாள்: “நான் தட்டினேன். அவள் ஏன் விட்டாள்?”

மொழிபெயர்த்தேன். மும்தாஜ் தலை நிமிராமல் மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். “தட்டினாங்கல்ல? அப்ப இன்னா பண்ணுவாங்க?”

“எங்கள் முகாமில் குரல் வந்தால்தான் விடுவோம்” என்றாள் கமலா. “நான் போய்ச் சொல்லிவிடட்டுமா? எழுதித் தரச் சொன்னாலும் தருகிறேன்.”

எழுதினாலும் பலன் இல்லை என்று விதியைச் சொல்லி விளக்கினேன். மும்தாஜ் நிமிர்ந்தாள். “அவங்களுக்கும் இதுல பிரமோசன் இருக்குதாம்ல, வுடுங்க. தட்டினதுக்கு மெடலு, வுட்டதுக்கு சர்ட்டிபிகேட்டு. நல்லாத்தான் கீது.” அதை நான் கமலாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் புரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

“விதியை எழுதியவன் நான்” என்று மும்தாஜிடம் சொன்னேன்.

“ரூல் தப்பில்ல சார். கழுத்து சார் அது. வெளாட்டா?” ஒரு முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, “நாளைக்கு ஒண்ணு கீதுல்ல?” என்றாள்.

இருந்தது. விண்ணப்பப் படிவத்தில் அவளுடைய எடைப் பிரிவுக்குப் பக்கத்தில், எடை வரம்பற்ற பிரிவு என்று இன்னொரு கட்டம் இருந்தது. படிவத்தில் கட்டம் காலியாக இருப்பது எனக்குப் பிடிக்காது. அதிலும் டிக் போட்டிருந்தேன். எந்த எடையும் யாரோடும் மோதலாம் என்ற பிரிவு அது. ஐம்பத்திரண்டு கிலோப் பெண்களை அதில் யாரும் சேர்ப்பதில்லை என்று ஜெயராஜ் தலையில் அடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் காலை விடுதி மொட்டைமாடியில் இரண்டு பெண்களும் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள். கமலா தானாகவே கழுத்தைக் கொடுக்க வந்திருந்தாள். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹர்த்தால் முடிந்த டாக்கா, விட்ட ஹாரனையெல்லாம் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தது. மும்தாஜின் யோசனை எளிது. கத்திரி போட்டபிறகு, எதிராளி தட்டினால் பட்டியை விடவேண்டாம். இறுக்கத்தை மட்டும் விடலாம். முழங்கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் ரத்தம் ஓடும். விரல்கள் பட்டியிலேயே இருக்கும். குரல் வந்தால் விடுவது. வராவிட்டால் மறுபடி விரிப்பது.

“எவ்ளோ தளத்தினா ரத்தம் வருதுன்னு கேளுங்க சார்.”

கேட்டேன். கமலா கண்ணை மூடிக்கொண்டு கீழே படுத்துச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். இல்லை. இல்லை. வருகிறது. இன்னும் கொஞ்சம். வருகிறது. இப்போது இல்லை. மும்தாஜ் முழங்கையை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்தினாள். சீட் கவரின் மூலையை மடிக்கிற அதே பொறுமை. முக்கால் மணி நேரம் ஒரு கழுத்துக்கும் இரண்டு கைக்கும் நடுவில் நான் துபாஷியாக இருந்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு துல்லியமான வாக்குமூலம் நான் பதிவு செய்ததில்லை. கடைசியில் கமலாவே ஒரு திருத்தம் சொன்னாள்: “தளர்த்தும்போது வலது முழங்கையைத் தூக்கு. என் கை நடுவருக்குத் தெரியும்.”

எடை வரம்பற்ற பிரிவில் ஐந்தே பேர். முதல் ஆட்டத்தில் மும்தாஜ் உள்ளூர்ப் பெண்ணிடம் நாற்பது விநாடியில் பறந்தாள். பறந்தாள் என்பது அலங்காரமில்லை. தோற்றவர்களுக்குத் தரும் மறுவாய்ப்பில், மூன்றாம் இடத்துக்கு அவளோடு ஆடவேண்டியவள் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். மும்தாஜைப்போல் ஒன்றரை மடங்கு. களத்துக்குப் போகுமுன் மும்தாஜ் என் காதில் சொன்னாள்: “சார், அந்த அக்கா வெள்ளவத்தையாம். தமிழ் நல்லாத் தெரியும். தயவு பண்ணி கத்தாதீங்க.”

பயிற்சியாளர் நாற்காலியில் வாய் மூடி உட்கார்வது சாதாரண விஷயமில்லை. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

மூன்று நிமிடம் அவள் எங்கள் பெண்ணை இழுத்த இழுப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான்காவது நிமிடத்தில் தூக்கி எறிய முயன்று தானும் சேர்ந்து விழுந்தாள். விழுந்த இடத்தில் மும்தாஜ் அடியில் இருந்தாள். அடியில் இருந்தாலும் கத்திரி கத்திரிதான். இரண்டு காலாலும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்துப்பட்டிகளை இழுத்துத் தன் மார்போடு சேர்த்தாள். கொழும்புக்காரியின் கை தட்டியது. இரண்டு தட்டு, மும்தாஜின் தோளில். நடுவர் அந்தப் பக்கம் இல்லை.

மும்தாஜின் முழங்கை உள்ளே போனதை நான் பார்த்தேன். அரை அங்குலம். விரல்கள் அசையவில்லை. வலது முழங்கை மேலே எழும்பியது. நடுவர் இன்னும் சுற்றி வந்துகொண்டிருந்தார். ரத்தம் ஓடியதும் அந்தப் பெண்ணுக்கும் தெம்பு வந்தது; தட்டுவதை நிறுத்திவிட்டு எழப் பார்த்தாள்.

“ஐயோ அக்கா, தட்டிட்டு எங்க போறீங்க?” என்று மும்தாஜ் கீழேயிருந்து கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மறுபடி முழங்கைகள் விரிந்தன.

இந்த முறை அவள் மும்தாஜைத் தட்டவில்லை, மெத்தையை அறைந்தாள். அரங்கம் முழுக்கக் கேட்டது. நடுவரின் கை உயர்ந்தது, குரல் வந்தது. மும்தாஜ் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு, நடுவரின் கையை ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, அதன்பிறகுதான் பட்டியை விட்டாள்.

கொழும்புக்காரி கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்தாள். “சண்டை பிடிக்கேக்கையும் கதை கேக்குது உனக்கு” என்று சிரித்து, மும்தாஜின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். மேடைப் பக்கத்தில் கமலா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். நான் என் கைகளைத் தொடைக்கடியிலிருந்து எடுத்தேன். மரத்துப்போயிருந்தன.

கடைசி நாள் அவள் எடையைப் பற்றிய கவலை இல்லாமல் சாப்பிட்டதை விவரிக்க இந்தக் கட்டுரையில் இடம் போதாது. மண்சட்டியில் உறைந்த இனிப்புத் தயிர் மட்டும் நான்கு. “நம்ம ஊர்ல தயிருக்கு ஊறுகா கேட்டா, இங்க ஸ்பூன் தரான் சார்.”

ஊர் திரும்பியதும் விண்ணப்பத்தை நானே தயாரித்து, தாம்பரம் தபால் நிலையத்தில் ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாவது வாரத்தில் அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. விளம்பரத்தில் கண்டபடி எடைப் பிரிவில் முதல் மூன்று இடம் பெற்றிருக்கவேண்டும். விண்ணப்பதாரர் இடம் பெற்றது எடை வரம்பற்ற பிரிவு. எனவே அது எடைப் பிரிவு ஆகுமா என்பது தெளிவாக இல்லை.

படித்தபோது எனக்கு உற்சாகமாக இருந்தது என்றால் மும்தாஜ் கோபித்துக்கொள்வாள். ஆனால் உண்மை அதுதான். மெத்தையில் நான் உதவாக்கரை. காகிதத்தில் அப்படி இல்லை. போட்டியின் அழைப்பிதழ், பிரிவுகளின் பட்டியல், விதிப் புத்தகத்தின் பக்கம், முடிவுத் தாளின் சான்றிட்ட நகல் என்று நான்கு இணைப்புகள். பதக்கப் பட்டியலில் வரம்பற்ற பிரிவும் மற்றப் பிரிவுகளோடு வரிசை எண் தரப்பட்டே இருப்பதைச் சுட்டிக்காட்டினேன். ஒன்றரைப் பக்கம். ஒரு பெயரடை இல்லை.

பிறகு காத்திருந்தோம். நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு. நடைப்பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் சீட் கவர் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். தையல் மெஷினை நிறுத்தாமல் அவள் கேட்பாள்: “இன்னா சார், உங்க லெட்டரு மயங்கிடுச்சா?” அவள் அப்பா உள்ளேயிருந்து அதட்டுவார். ஒரு நாள் அவர் அதட்டவில்லை, என்னைப் பார்த்து, “கெடைக்குமா சார்?” என்று மட்டும் கேட்டார். “விதிப்படி கிடைக்கவேண்டும்” என்றேன். அந்தப் பதிலின் எடை எனக்குத் தெரியும். அன்று வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பதில் அவள் முகவரிக்கு வந்தது. ஸ்கூட்டியை என் வீட்டு வாசலில் ஸ்டாண்டு போடாமலேயே இறங்கி ஓடி வந்தாள், வண்டி விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. கவரைப் பிரித்திருந்தாள், கடிதத்தை மட்டும் படிக்கவில்லை. “நீங்க படிங்க சார். இங்கிலீஷ்ல இல்லன்னு எழுதினா எனக்கு இருக்குன்ற மாதிரியே தெரியும்.”

ஒரு முறை படித்தேன். விளக்கம் ஏற்கப்பட்டது, மூலச் சான்றிதழ்களோடு பணியில் சேர வரவும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். எங்கேயாவது ஒரு ‘ஆனால்’ இருக்கும் என்று தேடினேன். முப்பத்து நான்கு வருடத்தில் ‘ஆனால்’ இல்லாத அலுவலகக் கடிதத்தை நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். ஆகஸ்ட் மாதம் இருபத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை.